உங்களுக்குத் தெரியுமா? கஞ்சா ஆயிலும் நெருப்பும்

விழுப்புரத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர் மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைவார். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. மது விலையும் விதியும் இந்தச் சில கிலோமீட்டருக்குள் மாறிவிடும். கஞ்சா விஷயத்தில் எதுவும் மாறாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு இரு பக்கமும் அது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தில் கஞ்சா ஆயில், செடியின் பிசினைக் குறிக்கும் 'சரஸ்' பிரிவில் வரும். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு. சரஸுக்கு 1 கிலோவே போதும். தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு சிறை. எடை கூடுவதற்காக வேறு எதையாவது கலந்திருந்தால் அந்தக் கலப்பின் எடையும் சேரும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

பச்சைச் செடியில் போதை தரும் டிஎச்சி மிகக் குறைவு. அதன் அமில வடிவம்தான் நிறைய இருக்கும். அதற்குப் போதை தரும் குணம் இல்லை. சூடு படும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து அது டிஎச்சியாக மாறுகிறது. அந்த டிஎச்சியின் மூலக்கூறு அமைப்பை 1964-இல் தெளிவாக்கியவர்கள் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும்.

கஞ்சாவின் செறிவூட்டிய பிசினைச் சூடான குவார்ட்ஸ் அல்லது டைட்டானியம் தட்டில் வைத்து, எழும் ஆவியை உறிஞ்சுவதை 'டாபிங்' என்கிறார்கள். 'எத்தனை டிகிரி சரி?' என்பதுதான் இதில் ஈடுபடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. கரும்பு விளையும் நம் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர் பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்து, சரியான நேரத்தில் இறக்கிவிடுவார். நுரையீரலுக்குள் போகும் இந்த ஆவிக்கு அப்படி ஒரு பதம் கிடையாது.

காரணம், பிசினுக்கு மணம் தரும் டெர்பீன்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இவற்றைச் சூடாக்கிச் சோதித்தார்கள். மெத்தாக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருள் உருவானது. வெப்பம் மேலும் ஏறியபோது பென்சீனும் வந்தது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். எரிவாயு டார்ச்சால் காய்ச்சிய தட்டு இருட்டில் சிவந்து தெரிகிறதென்றால் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். வெப்பத்தைக் குறைத்தால் நச்சு குறையலாம், போதையின் வீரியம் குறையாது. பூவில் டிஎச்சி பெரும்பாலும் 15, 20 சதவீதம். செறிவூட்டிய பிசினிலோ 60, 80 சதவீதம்கூட இருக்கும். படிக்கிற வயதுப் பிள்ளையின் மூளைக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. டிகிரிக் கணக்குப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதேயில்லை என்பதுதான் என் கவலை.

பிசினைப் பிரித்தெடுக்கச் சிலர் பியூட்டேன் வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். அது பூஜ்ஜியம் டிகிரிக்கும் சற்றுக் கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். பூட்டிய அறையில் ஒரு சுவிட்சின் பொறியே வெடிக்கப் போதும்.

ஆவியை உறிஞ்சும் இன்னொரு முறை வேப்பிங், அதாவது மின்சிகரெட். 2019-இல் அமெரிக்காவில் அதைச் செய்தவர்களுக்குத் திடீர் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். கள்ளச்சந்தை டிஎச்சி எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் முக்கியக் குற்றவாளியாகக் கண்டறியப்பட்டது. சருமத்தில் பூசினாலோ விழுங்கினாலோ சாதுவான பொருள்தான் அது.

போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால், நுகர்வு அல்லது சிறு அளவு வழக்கில் தண்டிக்கப்படாமல் காக்க அதே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கண்டமங்கலத்துக்காரருக்கு ஒரு பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் ஜிப்மர். வீட்டிலிருந்தே விசாரிக்க, தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446; அழைப்புக்குக் கட்டணம் இல்லை.