பாபாசாகேபின் ரசிகைக்கு ஆயிரமாயிரம் ரசிகர்கள்

பஞ்சாப் மாநிலம் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி ஏழெட்டு வயதிலேயே பாடத் தொடங்கியவர். 2016-ம் ஆண்டு வாக்கில் அவருடைய பாடல்கள் யூடியூபில் பரவியபோது அவர் பதின்வயதுக் கல்லூரி மாணவி. பாங்ரா தாளம், துள்ளல் மெட்டு, பளபளக்கும் உடை எல்லாம் அங்குள்ள மற்றப் பாடகர்களுக்கும் உண்டு. அவரைத் தனியாக நிறுத்தியது அவர் யாரைப் பாடினார் என்பதே. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாடல்களில் ஒன்றின் தலைப்பு 'ஃபேன் பாபா சாஹிப் தி'. 'பாபாசாகேபின் ரசிகை' என்று பொருள். சினிமா நட்சத்திரத்தைக் கொண்டாடுவதுபோல அண்ணல் அம்பேத்கரை ஓர் இளம்பெண் கொண்டாடும் பாட்டு அது. ஆக, கின்னிக்கு ரசிகரானவர்கள் ஒரு ரசிகைக்கு ரசிகரானவர்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பஞ்சாபி பாட்டுலகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜாட் சாதியின் பெயர் வராத பாட்டை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். நிலமும் டிராக்டரும் துப்பாக்கியும் வைத்திருக்கும் ஜாட் இளைஞனின் மிடுக்கைப் பாடாத பாடகர் குறைவு. கல்யாண வீட்டில், லாரியில், கல்லூரி விழாவில் அதுதான் ஒலிக்கும். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் நூற்றுக்கு 32 பேர் தலித் மக்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. தமிழ்நாட்டில் இது நூற்றுக்கு 20. ஆனால், அங்கே அவர்கள் கையில் இருக்கும் விளைநிலம் மிகச் சொற்பம். ஜாட் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளும் பெண்ணின் பிள்ளையும் அந்த ஜாட் பாட்டுக்குத்தான் ஆட வேண்டியிருந்தது.

கல்லூரியில் நடந்த ஒரு சம்பவத்தைக் கின்னி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடன்படித்த ஒரு பெண் அவருடைய சாதியைக் கேட்டாள். பட்டியல் சாதி என்றார். அதில் எது என்று மறுபடியும் கேட்டாள். 'சமார்' என்றார். சமார்கள் ஆபத்தானவர்களாயிற்றே என்றாளாம் அந்தப் பெண். 'நீங்க என்ன ஆளுங்க?' என்று நம் ஊரில் சுற்றி வளைத்துக் கேட்பதை அங்கே நேராகக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 'டேஞ்சர் சமார்' என்ற பாடல்.

தோல் தொழில் செய்தவர்கள் என்பதால் ஒதுக்கப்பட்ட சாதியின் பெயர் அது. வட இந்தியாவில் வசைச் சொல்லாகவே புழங்கியது. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒருவரைப் பொது இடத்தில் அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு வழக்கில் சொன்னது. நீதிமன்றம் ஏறித் தடுக்க வேண்டியிருந்த சொல்லை அந்தச் சமூகத்துப் பெண்ணே ஒலிபெருக்கியில் பாடினார். கேட்டவர்களுக்கு உடல் சிலிர்த்ததில் என்ன ஆச்சரியம்?

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1926-ல் மங்கூராம் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஆத் தர்ம் இயக்கத்தைத் தொடங்கினார். நாங்கள் இந்துக்களும் அல்ல, சீக்கியர்களும் அல்ல, இந்த மண்ணின் ஆதி மக்கள் என்றது அந்த இயக்கம். கன்ஷிராம் பிறந்ததும் பஞ்சாபில்தான். கின்னியின் குடும்பம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஞானி ரவிதாஸைக் குருவாகக் கொண்ட சமூகத்தைச் சேர்ந்தது. 2009-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் அந்தச் சமூகத்தின் மதத் தலைவர் ராமானந்த் கொல்லப்பட்டார். பஞ்சாபே கொந்தளித்தது. அடுத்த ஆண்டே ரவிதாஸியா என்ற தனி மதம் அறிவிக்கப்பட்டது. சாதிப் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லும் பாடல்கள் அதன் பிறகு பெருகின. கின்னிக்கு முன்பே ஆண்கள் பலர் பாடினார்கள். அவர் பெண், அதுவும் மாணவி என்பதால் அந்தக் குரல் எட்டாத வீடுகளுக்கும் எட்டியது.

இந்தப் பாட்டைக் கைபேசியில் தனியாகக் கேட்பது ஒன்று. ஊருக்குள் சத்தமாக வைப்பது வேறு. ஜலந்தர் பக்கத்துத் தல்ஹான் கிராமத்தில் ஒரு வழிபாட்டுத் தலத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டதற்காக தலித் மக்கள் 2003-ல் ஊர் விலக்கத்துக்கு ஆளானார்கள். கூலி வேலை நின்றது, புழக்கம் நின்றது. அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கும் மாவட்டத்தில் கின்னியின் ரசிகராக இருப்பது வெறும் பொழுதுபோக்கு ஆகிவிடாது.

ஆனாலும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை. சாதியை ஒழிக்க வேண்டும் என்ற தம் உரையை அம்பேத்கர் 1936-ல் எழுதியது அன்றைய பஞ்சாபின் லாகூர் மாநாட்டுக்காகத்தான். மாநாட்டைக் கூட்டியவர்களே அதை நிறுத்திவிட, அவர் தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய ரசிகை சாதிப் பெயரைப் பெருமையாகப் பாடலாமா? வசையாக வீசப்பட்ட சொல்லைப் பிடுங்கித் திருப்பிக் காட்டுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால், இந்த வகைப் பாடல்கள் பலவற்றில் பெரிய கார், முறுக்கிய தோள், துப்பாக்கி என்று ஜாட் பாட்டின் சட்டையையே வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது நமக்குப் பொருந்தாத சட்டை. பேனாவும் புத்தகமுமாக நின்றவரின் ரசிகர்களுக்குத் துப்பாக்கி எதற்கு?

இன்னொன்றும் உண்டு. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தவர் அம்பேத்கர். கின்னி தம்மைப் பக்தை என்று சொல்லாமல் ரசிகை என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. பக்தர் வரம் கேட்பார். ரசிகருக்கு, பாட்டு சரியில்லை என்று சொல்லவும் அடுத்த பாட்டு கேட்கவும் உரிமை உண்டு.

கேட்பதற்குப் பொருளும் இருக்கிறது. பஞ்சாபில் கிராமப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித் மக்களுக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்பது சட்டம். பினாமி பெயரில் அந்த நிலம் ஜாட் கைக்கே போய்விடுவது வழக்கம். அதை மீட்கச் சங்ரூர் மாவட்டக் கிராமங்களில் பல ஆண்டுகளாகப் போராட்டம் நடக்கிறது. ஏலம் நடக்கும் இடத்துக்கே போய் முன்வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். கூட்டாகக் குத்தகை எடுத்து அவர்கள் பயிர் வைத்த ஊர்களும் உண்டு. வேலிப் புல்லுக்காக வசை வாங்கிய பெண்கள் சொந்த வயலில் தீவனம் அறுக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு பாட்டைக் கின்னியிடம் கேட்கலாம். ஆடுவதற்கேற்ற தாளத்திலேயே கேட்கலாம்.