பயிர்க் காவலும் இடியன் துவக்கும்

மாரி மழை பெய்து, சேனையிலே சோளம் பால்பிடிக்கத் தொடங்கியதும் காட்டோரக் கமக்காரரின் இரவு நித்திரை அகன்று விடுகின்றது. பகலெல்லாம் களை பிடுங்கியவர் இரவெல்லாம் பரணிற் காவலிருக்கின்றார். ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்துவிடின், சோளம் சாய்க்கப்பட்டு, கச்சான் கிளறப்பட்டு, மரவள்ளி தோண்டப்பட்டு, பல மாத உழைப்பு மண்ணாகும். இதனாலேயே கமக்காரர் சிலர் இடியன் துவக்கை நாடுகின்றனர். ஆயினும் துவக்கின் தெரிவிலும் மருந்தின் நிறைப்பிலும் பிழை நேரின், வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடியும்.

சட்டம் கூறுவது

மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை. பயிரை மேய வந்தாலும் அவற்றைச் சுடுதல் ஆகாது. யானையைச் சுடுவது குற்றம் மட்டுமன்று; காயப்பட்ட யானை ஊருக்கே யமனாகும். காட்டுப்பன்றிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லையெனினும், ஒதுக்குக் காடுகளுட் புகுந்து அதனை வேட்டையாடலாகாது.

துவக்கு வைத்திருப்போர் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்று, அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். விண்ணப்ப முறையைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.

துவக்கைத் தெரிதல்

குழலின் அகலம் இலக்கத்தாற் குறிக்கப்படும். குழல்வாய்க்குச் சரியான ஈயவுருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்து ஓர் இறாத்தலாயின், அது 12 ஆம் இலக்கம். இலக்கம் ஏற ஏற வாய் சிறுக்கும். 12 ஆம் இலக்கக் குழல்வாய் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 16 ஆம் இலக்கம் 16.8 மில்லிமீற்றர்.

வாங்குமுன் குழலின் உட்புறத்தை வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். துருக்குழி, நெளிவு, வெடிப்பு ஆகிய மூன்றில் ஒன்று காணப்படினும் அத்துவக்கை விட்டுவிடுக. குழலின் அடிப்பாகம் இறுக்கமாக மூடப்பட்டிருத்தலும், பாதி இழுத்த குதிரை தானாக விழாதிருத்தலும் அவசியம். யார் செய்ததென அறியப்படாத குழல் எவ்வளவு மலிவாயினும் மருந்து நிறைத்தற்கு உரியதன்று. பிடங்கு தோளிற் பொருந்துவதையும் பார்த்துக் கொள்க.

நிறைக்கும் முறை

இடியனுக்கு உரியது கறுப்பு வெடிமருந்து ஒன்றே. தோட்டாவை உடைத்தெடுத்த புகையில்லா மருந்தையோ, தீக்குச்சி மருந்தையோ இடலாகாது. அவற்றின் அமுக்கத்தை இக்குழல் தாங்காது; குழல் பிளந்து முதலிற் கையும் கண்ணுமே போகும். மருந்தை வீட்டில் அரைத்தலும் கூடாது.

மருந்து எவ்வளவோ, சன்னமும் கன அளவில் அவ்வளவே என்பது பழைய நல்விதி. நன்கு செய்யப்பட்ட 12 ஆம் இலக்கக் குழலுக்கு 5 கிராம் மருந்தும் 32 கிராம் சன்னமும் நடுத்தர நிறை. கைவினைக் குழலுக்கு இதனினும் குறைவாக இடுதலே அறிவு. மருந்து கூடினால் உதை கூடுமேயன்றிக் குறி கூடாது.

நிறைக்குமுன் வெறுங்குழலில் இடிகோலை விட்டு, வாயோடு ஒத்த இடத்திற் கோலின்மேல் ஒரு கீறலிடுக. நிறைத்தபின் மற்றொரு கீறலிடுக. இவ்விரு கீறல்களும் குழலுள் நிறை உண்டா, இல்லையா என்பதை இருளிலும் சொல்லும். இருமுறை நிறைத்துவிடும் ஆபத்தையும் தடுக்கும்.

பின்னர் அளவுக்குவளையால் மருந்தை அளந்து விடுக. மருந்துக் கொம்பிலிருந்து நேரே ஊற்றின், குழலில் எஞ்சிய பொறி கொம்பையே வெடிக்கச் செய்யும். அதன்மேல் தென்னந்தும்பு அல்லது தடித்த கடதாசித் தக்கையை வைத்து இடிக்க, அடுத்துச் சன்னம், அதன்மேல் மெல்லிய தக்கை. மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையே வெளி இருப்பின் குழல் வெடிக்கலாம். முகத்தைக் குழல்வாய்க்கு நேரே நீட்டலாகாது. கேப்பு மாட்டுதல் எப்போதும் கடைசி வேலை. அதுவும் பரணில் ஏறி அமர்ந்தபின்னரே. நிறைத்த துவக்குடன் பரணில் ஏறலாகாது.

சுடுதலும் பின் வேலைகளும்

சிறு சன்னம் பன்றியைக் கொல்லாது. காயப்படுத்தி வெறிகொள்ளவே செய்யும். பெருஞ்சன்னமே உரியது, அதுவும் 25 மீற்றருக்குள். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடின் தப்பிய சன்னம் மண்ணிற் புதையும். கற்பாறையையும் நீரையும் நோக்கிச் சுடின் சன்னம் தெறித்து வரும்.

அசைவைக் கண்டோ, சத்தம் கேட்டோ சுடுதல் பெருந்தவறு. இருளில் அசைவது அயலவரின் பசுவாகவும் இருக்கலாம்; வாய்க்கால் பார்க்க வந்த அயலவராகவும் இருக்கலாம். உருவம் தெளிவாகத் தெரியாதவிடத்துக் குதிரையை இழுக்காதிருப்பதே காவலின் முதற் பாடம். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிடின், குழலைப் பாதுகாப்பான திக்கில் ஒரு நிமிடமேனும் பிடித்திருத்தல் வேண்டும்.

விடியும்போது துவக்கில் நிறை இருப்பின், அதை வீட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. கேப்பைக் கழற்றுதல் மட்டும் போதாது. ஆளில்லாத மண்மேட்டிற் சுட்டு வெறுமையாக்கியபின்னரே கொண்டு செல்க. கறுப்பு மருந்தின் கரி ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்னும். ஆதலால் அன்றே வெந்நீராற் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுக. மருந்தை அடுப்பும் விளக்கும் பிள்ளைகளும் அணுகாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும்.

கட்டுத்துவக்கு வேண்டாம்

சிலர் காவலிருக்க அலுப்புற்று, துவக்கைக் கம்பியொடு பிணைத்துப் பன்றிப் பாதையிற் கட்டிவிட்டு உறங்கச் செல்கின்றனர். கம்பிக்குக் கண்ணில்லை. பன்றியின் கால் பட்டாலும் விறகு பொறுக்க வந்த பெண்ணின் கால் பட்டாலும் அது ஒன்றுபோலவே வெடிக்கும். இது சட்டத்துக்கு மாறானது. கட்டியவர் பின்னர் எவ்வளவு வருந்தினும், இழந்த காலும் உயிரும் மீளா.

துவக்கு இறுதி வழியேயன்றி முதல் வழியன்று. இறுக்கமான வேலி, அயலவர் முறைவைத்துக் காக்கும் கூட்டுக் காவல், தகரம் தட்டல், தீப்பந்தம் ஆகியவற்றை முதலிற் செய்க. பயிர் மறுபோகத்தில் மீண்டும் விளையும்; மனித உயிர் விளையாது என்பதைக் காவலிருப்போர் ஒவ்வோர் இரவும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.