குளிச்சதும் பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கிறீங்களா?

கிணற்றுக்கு இரும்பு வாளி, பந்திக்கு எவர்சில்வர் சாம்பார் வாளி, குளிக்க பிளாஸ்டிக் பக்கெட்னு வேலைக்கு ஏத்த மாதிரி வாளியும் மாறும். இரும்பு வாளி தன் கனத்தாலேயே தண்ணீரில் மூழ்கி மொண்டுவிடும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனால், வெயிலிலேயே கிடந்தால் நொறுங்கிவிடும்.

எந்த வாளியாக இருந்தாலும், நடைபழகும் குழந்தை இருக்கிற வீட்டில் கூடுதல் கவனம் தேவை. அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், தானாக எழ முடியாது. தண்ணீர் நிறைந்த பக்கெட் சாயவும் சாயாது. சில அங்குலத் தண்ணீரே உயிரைப் பறிக்கும், சத்தமும் கேட்காது.

அதனால, குளிச்சு முடிச்சதும் மிச்சத் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து வைங்க. தண்ணி பிடிச்சுவைக்கணும்னா இறுக்கமான மூடி போடுங்க. பாத்ரூம் கதவையும் சாத்த மறக்காதீங்க!