எட்டால் வகுத்தால் போதுமா?

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். 650 மெகாபைட் கொள்ளும் குறுந்தகடு ஒன்று நூல்களாலும் படங்களாலும் நிரம்பியிருக்கிறது. அவற்றை விநாடிக்கு 1.544 மெகாபிட் செல்லும் கம்பி வழியே வேற்றூருக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரமாகும்? 650-ஐ 1.544 ஆல் வகுத்து, "421 விநாடி; அதாவது ஏழு நிமிஷம்" என்று விடை கூறுவோர் பலர். உண்மையில் ஆவதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்! ஏழு நிமிஷத்தில் வந்து சேரும் என்று வாக்களித்தவர் பொய்யர் அல்லர். அவர் வகுத்ததிலும் பிழையில்லை. அலகைக் கவனியாமையே பிழை.

வேகத்தைக் குறிக்கும் எண் எதைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முதற் கேள்வி: இது பிட்டா, பைட்டா? எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி என்பது நம் பழைய முகத்தலளவை. அதுபோல எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். கம்பியில் செய்தி அனுப்பும் பொறியாளர், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் துடிப்புகளை எண்ணுகிறார். ஆதலால் அவருக்குப் பிட்டே அலகு. செய்தியைச் சேமித்து வைப்பவரோ எழுத்துக்களை எண்ணுகிறார். ஆதலால் அவருக்குப் பைட்டே வசதி. தத்தம் துறையில் இருவரும் சரியே. இரண்டு துறைகளும் சந்திக்கும் இடத்திலேதான் குழப்பம் பிறக்கிறது.

இரண்டாம் கேள்வி: இந்த ஆயிரம் எந்த ஆயிரம்? கணிப்பொறியின் நினைவகம் இரண்டின் மடங்குகளால் அமைவது. பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1024 வரும். அது ஆயிரத்துக்கு அண்மையில் இருப்பதால் அதையும் 'கிலோ' என்றே அழைத்துவிட்டனர். கம்பித் துறையினருக்கோ கிலோ என்பது சரியாக 1000. கிலோவில் 2.4 சதவீதமாக இருக்கும் இவ்வேறுபாடு, மெகாவில் 4.9 சதவீதமாகவும், கிகாவில் 7.4 சதவீதமாகவும் வளர்கிறது. 80 கிகாபைட் என்று விற்கப்பட்ட வட்டு, கணிப்பொறித் திரையில் ஏறக்குறைய 74.5 என்று காட்டும். இத்தகைய வேறுபாட்டைக் குறித்து அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கொன்று 2006ஆம் ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. வட்டிலுள்ள பைட்டுகள் குறையவில்லை. அளந்த படிதான் வேறு. 1024-இன் வழி வரும் அலகுகளுக்குக் கிபி, மெபி என்னும் தனிப் பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்பக் குழு 1998ஆம் ஆண்டிலேயே வகுத்தது. ஆயினும் பழைய வழக்கம் மறையவில்லை.

மூன்றாம் கேள்வி: இதில் சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவு? மேலே கூறிய 1.544 மெகாபிட் கம்பிக்கு டி-1 என்று பெயர். அமெரிக்கத் தொலைபேசித் துறையில் 1962ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்தது அது. 24 உரையாடல்களை ஒரே வழியில் அனுப்புவதற்கென அமைந்தது. உரையாடல் ஒவ்வொன்றுக்கும் 8 பிட்டாக 192, வரிசையின் எல்லையைக் காட்ட ஒரு பிட், ஆக 193. இவ்வாறு விநாடிக்கு 8000 முறை அனுப்பினால் 15,44,000 பிட் ஆகிறது. எல்லைப் பிட்டுகளை நீக்கினால் நமக்குக் கிடைப்பது 15,36,000 மட்டுமே. சேமிப்பு வட்டுகளை இணைக்கும் சாட்டா என்னும் இணைப்பின் முதல் தலைமுறையில் இக்கழிவு இன்னும் அதிகம். அங்கே 8 பிட் செய்தியை 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். ஆகவே விநாடிக்கு 150 கோடி பிட் செல்லும் அவ்விணைப்பின் வேகத்தை எட்டால் வகுக்கலாகாது. பத்தால் வகுத்து, 15 கோடி பைட் என்றே கொள்ள வேண்டும்.

இனி நம் கணக்குக்குத் திரும்புவோம். செய்தி பதிந்த குறுந்தகட்டில் விநாடிக்கு 75 கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு 2048 பைட். 74 நிமிஷத் தகட்டில் 3,33,000 கட்டங்கள். அதாவது 68,19,84,000 பைட். எட்டால் பெருக்கினால் 545,58,72,000 பிட். இதை 15,36,000 ஆல் வகுத்தால் 3552 விநாடி, அதாவது 59 நிமிஷம் 12 விநாடி. இணைய முறையில் அனுப்பினால், 1500 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்திலும் 40 பைட் முகவரி முதலியவற்றுக்கே செலவாவது வழக்கம். ஆகவே ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

இன்னொன்றும் காணுங்கள். அத்தகட்டை அதன் ஆதி வேகத்தில் படிக்கும் கருவிக்கு 150 கிலோபைட் வேகம் என்பார்கள். 1.544 மெகாவுக்கு முன் அது பத்தில் ஒரு பங்காகத் தோன்றும். பிட்டாக மாற்றினால் அது விநாடிக்கு 12,28,800. அதிவேகமாகத் தோன்றிய கம்பி, அதைவிடக் கால் பங்கே விரைவானது!

ஆகவே, இரண்டு வேகங்களை ஒப்பிடுமுன் கிலோ, மெகா என்னும் சுருக்கங்களைக் களைந்து, இரண்டையும் பிட் கணக்கில் முழு எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வகுத்தால் விடை உங்களை ஏமாற்றாது. உங்கள் சொல்லை நம்பிக் காத்திருப்பவரும் ஏமாற மாட்டார்.