நாற்றம் நின்னுட்டா விஷவாயு போயிடுச்சா? மேன்ஹோலில் உயிர் காக்கும் கேஸ் டிடெக்டர்!

திருச்சி, ஸ்ரீரங்கம் தெருக்களில் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். "இப்போ நாற்றமே இல்லை, இறங்கலாம்" என்று நினைத்தால், அங்கேதான் ஆபத்து!

மூக்கை ஏன் நம்பக் கூடாது?

நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் இது சுமார் 100 பிபிஎம், அதாவது 10 லட்சத்தில் 100 பங்கு ஆனதும் மூக்கு மரத்துப்போகும். வாயு கூடக் கூட நாற்றம் தெரியாது! அளவு இன்னும் ஏறினால் சில மூச்சிலேயே மயக்கம். காப்பாற்ற இறங்குபவரும் விழுவது இதனால்தான்.

தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கும். தீ எரிந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று அர்த்தமில்லை.

கருவி என்ன செய்யும்?

கையடக்க 'மல்டி கேஸ் டிடெக்டர்' ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் அளக்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9%. அது 19.5%-க்குக் கீழே இறங்கினாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்-ஐத் தொட்டாலோ பொதுவாக அலாரம் அடிக்கும்.

மீத்தேன் லேசானது, மேலே ஏறும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் தங்கும். அதனால் ட்யூபை இறக்கி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் அளக்கணும். சேற்றைக் கிளறினால் வாயு மறுபடி கிளம்பும். வேலை முடியும் வரை கருவி ஆளோடவே இருக்கணும்.

வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். சுத்தம் செய்ய லாரியை வரவழைக்க 14420-க்கு போன் பண்ணலாம். உள்ளே யாராவது மயங்கினால் நீங்க இறங்காதீங்க. உடனே 112-க்கு அழையுங்க!