எது ஓர் இலை?

கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டிலிருக்கும் வில்வத்தைக் கவனித்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது ஒரு வில்வம். தனித்தனியாகப் பிய்த்துச் சாத்த யாருக்கும் மனம் வராது. தாவரவியலும் அப்படித்தான் கணக்கெடுக்கிறது: மூன்று சிற்றிலைகள் கொண்ட ஒரே கூட்டிலை. பெயர் தெரியாத மரத்தை இலையால் இனங்காண விரும்புபவர் தொடங்கவேண்டிய இடம் இதுவே. இது என்ன மரம் என்பது இரண்டாவது கேள்வி. இதில் எது ஓர் இலை என்பதுதான் முதற் கேள்வி.

அதற்கான விடை கிளையில் இருக்கிறது. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் சிறிய அரும்பு ஒன்று இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இராது. வேப்பங்கிளையில் தேடினால், நாம் இலை இலையாக எண்ணியதெல்லாம் சிற்றிலை என்றும், ஈர்க்கு முழுவதும் சேர்ந்ததே ஓர் இலை என்றும் தெரியும். கொழும்பின் பழைய வீதிகளுக்கு மேல் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில், சிங்களவர் மாரா என்பார்களே, அதில் ஈர்க்கே மறுபடி கிளைத்திருக்கும். அந்தியில் அதன் சிற்றிலைகள் மடியும். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள தடித்த மூட்டில் ஒரு பக்கத்துக் கலங்கள் நீரை இழந்து தளர, மறுபக்கத்தவை நீரேறி விறைப்பதால் நிகழும் அசைவு அது.

தனியிலைகளில் அதிகம் ஏமாற்றுபவை அரசும் பூவரசும். இரண்டும் இதய வடிவம். அரசிலைக்கு வால்போல நீண்ட நுனி. காம்பு மெலிந்து நீண்டதால் சிறு காற்றுக்கும் சலசலக்கும். பூவரசிலை நுனி அவ்வளவு நீளாது. கிள்ளினால் அரசில் பால் வடியும், பூவரசில் வடியாது. (அந்தப் பால் கண்ணில் படவிடக் கூடாது.) அரசின் இளங்கிளையில் ஒவ்வொரு கணுவையும் சுற்றி மோதிரம்போல ஒரு தழும்பும் உண்டு, குருத்தை மூடியிருந்த உறை விழுந்த இடம் அது. ஆலிலும் பலாவிலும் அதே மோதிரத்தைக் காணலாம், மூன்றும் ஒரே குடும்பம். பூவரசோ பருத்திக்கு உறவு.

கடற்கரைப் பக்கம் நிற்கும் கொட்டம்பாவுக்கு இவ்வளவு சோதனை தேவையில்லை. கிளை நுனிகளில் கொத்தாக நிற்கும் அகன்ற இலைகள் உதிருமுன் செக்கச் சிவந்துவிடும்.

ஆனால் ஓர் இலையை மட்டும் நம்பக் கூடாது. வெள்ளவத்தையில் மதிலோரம் தானாக முளைத்த கன்றொன்றின் இலை ஆழமாகப் பிளந்திருந்தால் ஈரப்பலா என்று சொல்லத் தோன்றும். அது பலாவாகவும் இருக்கலாம். பலா இளங்கன்றாக இருக்கையில் இலைகளைப் பிளந்துகொண்டே வளரும். முதிர்ந்த பின்னர்தான் நாமறிந்த முழு இலை வரும். நிழலில் வளர்ந்த இலை வெயில் இலையைவிடப் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருப்பதும் வழக்கம். நிலத்தில் கிடப்பதோ பக்கத்து மரத்தினுடையதாக இருக்கக்கூடும். ஆகவே எப்போதும் ஒரு சிறு கிளையாக எடுங்கள். இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, மாறிமாறி நிற்கின்றனவா என்பதைக் கிளை மட்டுமே காட்டும்: நாவலில் எதிரெதிர், மாவில் மாறிமாறி.

கிளைகளை எடுத்துச் சேர்க்கும் இந்த வேலைக்குக் கொழும்பில் பழைய வரலாறு உண்டு. 1672இல் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் இங்கே செடிகொடிகளை உலர்த்தித் தாள்களில் சேர்த்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்து அந்தத் தாள்கள் தாவரவியலறிஞர் லின்னேயஸ் கைக்குக் கிடைத்தன. இத்தீவில் கால் வைத்தேயிராத அவர், அவற்றைக்கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். தாள்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டில் அதேபோன்ற தேசியச் சேகரிப்பு பேராதனைப் பூங்காவில் உள்ளது.

நீங்களும் செய்யலாம். ஒரு சாண் கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் பரப்பி, இலையொன்றை மட்டும் அடிப்புறம் தெரியத் திருப்பி வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள். நமது கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே முதல் சில நாள்களுக்குத் தினமும் தாளை மாற்றுங்கள். நாளும் இடமும் எழுதும்போது, கிள்ளியபோது பால் வந்ததா, கசக்கியபோது என்ன மணம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். காய்ந்த கிளையிடம் அதைப் பிறகு கேட்க முடியாது.