மடக்கிய கை அளவு

சுளுக்கு எடுக்கிற ஆசானும் சிலம்பம் சொல்லித்தருகிற ஆசானும் தென்மாவட்டங்களில் பல வேளை ஒரே ஆள்தான். எலும்பு கட்டத் தெரிந்தவருக்கு, எங்கே பட்டால் ஆள் தேறமாட்டான் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமே. அந்த இடங்களுக்குப் பெயர் வர்மம். பொதிகை மலை கண்ணுக்கு எதிரே நிற்க, பாபநாசத்தில் அகத்தியர் பெயரில் அருவியே இருக்க, அம்பாசமுத்திரத்துக்காரர்கள் இதை அகத்தியர் சொத்து என்று உரிமையோடு சொல்வதில் வியப்பில்லை. சித்த மரபின் கணக்கு 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96.

ஆயுர்வேதத்தில் இது மர்மம். சுசுருத சம்ஹிதை 107 மர்மங்களைச் சொல்கிறது. அவற்றில் 19 உடனே உயிரைப் பறிப்பவை. இதயம் அதில் ஒன்று. இருப்பிடம், இரு மார்புக்கும் நடுவே, இரைப்பையின் வாயருகே. அளவு, அவரவர் கையை மடக்கினால் எவ்வளவோ அவ்வளவு. குழந்தைக்குக் குழந்தையின் கை, பெரியவருக்குப் பெரியவர் கை. எவ்வளவு கெட்டிக்கார அளவுகோல்! இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு முஷ்டியைக் காட்டித்தான் இதயத்தின் அளவைச் சொல்கிறார்கள். சரகரோ தலை, இதயம், மூத்திரப்பை மூன்றையும் தலையாய மர்மங்களாக வைத்தார். அறிவின் இருப்பிடமும் இதயமே என்று அந்த நூல்கள் சொல்வதை மட்டும் இன்று ஏற்க முடியாது.

எலும்பு முறியாமல், ரத்தம் வராமல், நெஞ்சில் பட்ட ஒரே அடியில் ஆள் சுருண்டு விழுவது கட்டுக்கதை அல்ல. நவீன மருத்துவத்தில் இதற்கு கொமோஷியோ கார்டிஸ் என்று பெயர். பந்தோ முழங்கையோ இதயத்துக்கு நேராகத் தாக்க வேண்டும். அதுவும் கீழறைகள் சுருங்கிய பின் அடுத்த துடிப்புக்கு மின்னேற்றத்தை மீட்டுக்கொள்ளும் நேரத்தில். ஒரு நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. அதில் பட்டால் தாளம் குலைந்து கீழறைகள் வெறுமனே நடுங்கும், ரத்தம் ஓடாது. சற்று முன்னோ பின்னோ பட்டிருந்தால் பையன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருப்பான். பிள்ளைகளின் நெஞ்சுக்கூடு வளைந்துகொடுப்பதால் அடியின் வேகம் உள்ளே இறங்கிவிடுகிறது. சிறுவர்களும் இளைஞர்களுமே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

வர்ம அடியை இளக்க, அடங்கல் எனப்படும் இடங்களைத் தட்டும் முறை உண்டு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் வர்மம் பாடமாகவே இருக்கிறது. சுளுக்குக்கும் பிடிப்புக்கும் ஆசானிடம் போகலாம். மைதானத்தில் விழுந்தவன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் ஆசானைத் தேடி ஓடக் கூடாது. ஒருவர் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட, இன்னொருவர் நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பெரியவர் என்றால் 5 சென்டிமீட்டராவது நெஞ்சு அமுங்க வேண்டும். குலைந்த தாளத்தைச் சரிசெய்வது மின்னதிர்வுக் கருவிதான். அது வந்துசேரும்வரை அழுத்துவதை நிறுத்தக் கூடாது.